பதினோராம் வளைவில் நடந்தது

மலையில் வெட்டிய மரத்தை ஆற்றங்கரை அறுவை ஆலைக்கு இறக்க ஒரு குட்டி ரயில் ஓடியது, பிள்ளைகளே. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இரண்டரை அடிதான். பெரிய ரயிலில் போய்வந்தவர்கள், "இது என்ன, சாவி கொடுத்த பொம்மையா?" என்று கேலி செய்வார்கள். அந்தப் பொம்மைதான் நாற்பத்தொரு வருடம் ஓர் ஊருக்கே சோறு போட்டது. பிறகு லாரி வந்தது. தண்டவாளத்தைப் பிடுங்கி எடைக்குப் போட்டார்கள்.

இருபது வருடம் கழித்துக் கம்பெனிக்குத் திடீரென்று பாசம் பொங்கியது. எஞ்சின் கொட்டகைக்கு வெள்ளையடித்து, கதவுக்குத் தார் பூசி, ரயிலின் வரலாற்றை எழுதிப் பலகையாக மாட்டியது.

திறப்பு விழாவன்று பிரேக்காரி அதைப் படித்தாள். அந்தப் பாதையில் பிரேக் சக்கரம் திருகிய ஒரே பெண் அவள்தான். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. பலகையில் எட்டாவது வரி: 'பதினோராம் வளைவில் வண்டி கவிழ்ந்தது. பிரேக்காரியின் கவனக்குறைவே காரணம்.' இதைச் சொல்லித்தான் முப்பது வருடத்துக்கு முன் அவளை வேலையை விட்டுத் துரத்தினார்கள்.

அன்று வண்டியை ஓட்டியவர் அவளுடைய அண்ணன். முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நேரே அவரிடம் போனாள்.

"பலகையைப் படிச்சியாண்ணே?"

"கண்ணாடி எடுத்துட்டு வரல."

"நான் படிச்சுக் காட்டவா?"

"விடு தங்கச்சி. இதையெல்லாம் யார் படிக்கப் போறா?"

"படிக்கத் தெரிஞ்சவன் எல்லாம் படிப்பான். உன் வேலை போயிடக் கூடாதுன்னு இத்தனை வருஷம் வாயைத் தச்சு வச்சிருந்தேன். இப்ப உனக்கு வேலையும் இல்ல, எனக்குத் தையலும் இல்ல."

அவள் கதவோரம் கிடந்த தார் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்றாள். கம்பெனி அதிகாரி பதறி ஓடிவந்தான்.

"அம்மா, அது கம்பெனிச் சொத்து."

"பலகை உங்க சொத்துதான் தம்பி. பழி என்னோடதாச்சே."

"அது பொய்ப் பழின்னு சொல்ல ஆதாரம் இருக்கா?"

அவள் கூட்டத்தைத் துழாவினாள். ஆலை ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ் மூன்றாம் வரிசையில் விசிறிக்கொண்டிருந்தாள்.

"நர்ஸம்மா, அன்னைக்கு என் இடது கையில என்ன இருந்துச்சு?"

"கையுறை. ரத்தத்துல ஒட்டிப் போச்சு. கத்தரிக்கோல் வச்சுத்தானே வெட்டி எடுத்தேன்."

ரயிலில் வேலை பார்த்த கிழவர்கள் அத்தனை பேரும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதிகாரி மட்டும் திருதிருவென்று விழித்தான்.

அவனுக்கு எப்படித் தெரியும்? அந்த நீராவிச் சத்தத்தில் கத்தினாலும் காதில் விழாது. அதனால் இறக்கத்தில் வண்டி பிய்த்துக்கொண்டு ஓடாமலிருக்க, பிரேக்காரர் எட்டுப் பெட்டியிலும் பிரேக் சக்கரத்தை இறுக்கிவிட்டு, இடது கையுறையைக் கழற்றி டிரைவர் கையில் கொடுக்க வேண்டும். கையுறை வராமல் வண்டி நகரக் கூடாது. இது ரயில்காரர்களுக்குள் இருந்த வழக்கம், ஆஸ்பத்திரிக்காரிக்குத் தெரியாது. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

எல்லோர் கண்ணும் அண்ணன்மேல் திரும்பியது. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஆத்துல படகு காத்திருக்கு, எடு எடுன்னு மேனேஜர் நின்னாரு. கையுறை வரல. நான் எடுத்துட்டேன்."

"உட்காருண்ணே. முழங்கால் வலிக்கும்," என்றாள் அவள். அழவில்லை. அவர் பக்கத்தில் போகவும் இல்லை.

அதிகாரி குறுக்கே வந்தான். "விழா முடியட்டும்மா. தலைமை ஆபீஸுக்கு எழுதிப் போடறேன்."

"தாராளமா எழுதுங்க," என்றபடி பிரஷ்ஷைத் தாரில் தோய்த்து, எட்டாவது வரியின் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்தாள். பச்சைப் பொய் கறுப்பாகி வழிந்தது. ரிப்பன் வெட்ட வந்த பெரிய முதலாளி கத்தரிக்கோலும் கையுமாக வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் நகரவில்லை. கிழவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்கள்.

அதிகாரி கடைசியில் பேனாவைத் திறந்தான். "அந்த இடத்துல என்ன எழுதணும், சொல்லுங்க."

"மேனேஜர் எடுக்கச் சொன்னார். டிரைவர் எடுத்தார். பிரேக்காரி அப்போது ஐந்தாம் பெட்டியில் சக்கரம் திருகிக்கொண்டிருந்தாள்."

"மேனேஜர்ங்கறது கண்டிப்பா வேணுமாம்மா?"

"அதை முதல்ல எழுதுங்க," என்றாள் பிரேக்காரி.