பட்டி பார்த்த விரிசல்

என் அக்கா புருஷனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அத்தான் என்று வாய் நிறையக் கூப்பிடுவேன், மரியாதையெல்லாம் அந்த வாயோடு சரி. உலகத்தில் எல்லோரும் வெறுங்கையால் வண்டி ஓட்டும்போது, அவர் மட்டும் விரல்நுனி வெட்டிய தோல் கையுறையை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ரொட்டி வாங்கப் போவார். போகும்போது ஒரு தொப்பி வேறு. அந்தத் தொப்பி பறந்துவிடுமோ என்ற பயத்தில் சைக்கிள்காரனுக்கும் பின்னால்தான் போவார்.

அவரிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது, எங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தது. நல்ல வண்டி. அதன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போயும் போயும் இவர் கையில் வந்து மாட்டிக்கொண்டதே என்ற பரிதாபம்தான். ஆயில் ஒழுகினால் அது வண்டியின் குணம் என்பார். காலையில் கிளம்ப மறுத்தால் அதுவும் குணம். பிரேக் ஒரு பக்கமாக இழுத்தால், "இந்தக் காலத்து வண்டி மாதிரி இல்ல நட்டு, இதுக்குன்னு ஒரு குணம் இருக்கு" என்று எனக்குப் பாடம் எடுப்பார். நட்டு என்பது அவர் எனக்கு வைத்த பெயர். கொழுந்தியாள் ஒருத்தி வீல் அலைன்மென்ட் பட்டறை வைத்து லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டிருப்பது அவருக்கு அவ்வளவு பெரிய தமாஷ்.

அக்காவும் அப்படித்தான். அவர் பத்துப் பேருக்கு முன்னால் அவளை மட்டம் தட்டினால், "அவர் குணம் அது" என்பாள். அவள் பிறந்தநாளை மறந்துவிட்டு காருக்குப் பிறந்தநாள் கொண்டாடினால், அதுவும் அவர் குணம். ரிப்பேர் பண்ண வேண்டியதையெல்லாம் குணம் என்று சொல்லிப் பழகிய குடும்பம் அது.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காரின் சாவியை அக்காவிடம் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவைக்கூட அவளைத் திறக்க விட்டதில்லை, கைரேகை படுமாம். பழைய கார்க்காரர்கள் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை மலைப்பாதையில் வரிசையாக ஓட்டிக்கொண்டு போய், உச்சியில் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். இந்த வருஷம் அதில் பெண்கள் பிரிவில் அக்காவின் பெயரைக் கொடுத்துவிட்டாராம். அவர் முன்கூட்டியே வாடகைக் காரில் உச்சிக்குப் போய் கேமராவோடு காத்திருப்பாராம்.

"நானே ஓட்டணுமாம்டி! அவரா கூப்பிட்டுச் சாவியைக் குடுத்தாரு!" என்று போனில் அக்கா கத்தினாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. எனக்கோ நம்பிக்கை வரவில்லை. இவர் சும்மா ஒரு டம்ளர் தண்ணீர்கூட யாருக்கும் எடுத்துக் கொடுக்கிற ஆள் இல்லை.

இரண்டு நாள் தெருவில் ஓட்டிப் பார்த்துவிட்டு அக்காவே காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். பக்கத்தில் அவர் இல்லை. பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"நேரா போகும்போது ஒரு கோட்டுல நிக்கவே மாட்டேங்குதுடி. பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு. வளைவுல திருப்பினா இறுகிடுது, திரும்ப வரவே மாட்டேங்குது" என்றாள் அக்கா.

"உனக்குப் பழக்கம் இல்ல, அவ்வளவுதான்" என்றார் அத்தான், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அது இந்த வண்டியோட..."

"குணம்" என்று நான் முடித்து வைத்தேன். "இதுவரைக்கும் என்னென்ன பண்ணினீங்க அத்தான்?"

பெருமையாகச் சொன்னார். முதலில் டயரில் காற்று மாற்றிப் பார்த்தாராம். பிறகு டயர்களையே மாற்றினாராம். அதற்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து மரத்தில் செய்த ஸ்டீரிங் வளையம் வரவழைத்து மாட்டினாராம். பல் வலிக்கிறவன் மீசையை ஒதுக்கிக்கொண்ட மாதிரி. கடைசியாகக் கிளப் தலைவரே நேரில் வந்து, வளையத்தின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ஸ்டீரிங் பாக்ஸின் தலையில் இருக்கும் திருகை நன்றாக இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாராம். வளைவில் ஏன் இறுகுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் திருகு உள்ளே இருக்கும் பல்லின் தேய்மானத்துக்காக வைத்தது. வேறு இடத்தில் இருக்கிற ஆட்டத்துக்கு அதைப் போட்டு இறுக்கினால், ஆட்டமும் போகாது, ஸ்டீரிங்கும் திரும்பாது. தலைவர் தொழிலில் சோபா வியாபாரி.

"அலைன்மென்ட் மிஷின்ல ஏத்திப் பாத்துடு" என்றார்.

"ஆடுறதை அப்படியே வச்சுக்கிட்டு அலைன்மென்ட் பாத்தா, கேட்டைத் தாண்டுறதுக்குள்ள மறுபடி மாறிடும் அத்தான். முதல்ல எது ஆடுதுன்னு பாக்கணும்."

வண்டியை, அடியில் நின்று வேலை பார்க்கிற பட்டறைக் குழிக்கு மேல் நிறுத்தி, டயர்கள் தரையிலேயே ஊன்றி இருக்கும்படி விட்டேன். அக்காவை உள்ளே உட்காரச் சொன்னேன். "ஸ்டீரிங்கை லேசா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டு. டயர் திரும்பக் கூடாது. நான் போதும்னு சொல்ற வரைக்கும் ஆட்டிக்கிட்டே இரு."

குழிக்குள் இறங்கினேன். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருத்தர் மேலே ஆட்ட, ஒருத்தர் கீழே தொட்டுப் பார்க்க. ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துக்கொண்டே வர வேண்டும். மூட்டுக்கு இந்தப் பக்கம் அசைந்து அந்தப் பக்கம் அசையாவிட்டால் கோளாறு அங்கே. சக்கரத்தைத் தள்ளித் திருப்புகிற கம்பியான டை ராடில், இடது முனையில் கொஞ்சம் தேய்மானம் தெரிந்தது. வலது பக்கம் பரவாயில்லை. அக்கா சொன்ன ஆட்டத்துக்கு இது போதாது. டார்ச்சைக் கொஞ்சம் மேலே தூக்கி ஸ்டீரிங் பாக்ஸின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.

பாக்ஸே அசைந்தது.

அது அசையவே கூடாது. வண்டியின் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கி வைத்தது அது. போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. அப்போதுதான் போல்ட்டைச் சுற்றிச் சட்டத்தில் இருந்த கருப்புப் பெயின்ட்டைக் கவனித்தேன். அடிப்பாகம் முழுக்கச் சேறும் மங்கலுமாக இருக்க, அந்த ஒரு கையகலம் மட்டும் புதுச் செருப்பு மாதிரி பளபளத்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டினேன். பெயின்ட்டோடு சாம்பல் நிறத்தில் பட்டி பொலபொலவென்று என் முகத்தில் கொட்டியது. கதவு நசுங்கினால், பெயின்ட் அடிப்பதற்கு முன் குழியை நிரப்பிச் சமன் செய்வார்களே, அந்தப் பட்டி. அதற்கு அடியில் ஒரு போல்ட் ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டை வரைக்கும் விரிசல். என் நகம் உள்ளே போனது. அக்கா மேலே ஆட்ட ஆட்ட, அது வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"போதும்க்கா, நிறுத்து" என்றேன். "அத்தான், சட்டத்துல பட்டி பாத்தது யாரு?"

குழியின் விளிம்பில் அவருடைய பளபளப்பான ஷூ மட்டும் தெரிந்தது. அது ஒரு அடி பின்னால் போனது.

"ஓ, அதுவா? எங்க கிளப் கண்காட்சிக்கு முன்னாடி ஒரு சின்ன கோடு தெரிஞ்சுது. நடுவருங்க அடியில எல்லாம் கண்ணாடியை விட்டுப் பாப்பாங்க நட்டு. மார்க்கைக் குறைச்சுடுவாங்க. அதான் பட்டி வச்சு பெயின்ட் அடிக்கச் சொன்னேன். இந்த வருஷம் நமக்குத்தான் முதல் பரிசு."

கதவில் பார்க்கிற பட்டியைச் சட்டத்தில் பார்த்திருக்கிறார். உடைந்த எலும்புக்குப் பவுடர் பூசிய மனுஷனை நான் இதுவரை பார்த்ததில்லை. மலைப்பாதையில் ஒரு வளைவில் அந்த விரிசல் முழுசாகப் பிளந்திருந்தால், ஸ்டீரிங் பாக்ஸ் சட்டத்தை விட்டுக் கழன்றிருக்கும். அக்கா வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் டயர் திரும்பியிருக்காது. இதை அப்படியே வாய்விட்டுச் சொன்னேன், மேலே அவளுக்கும் கேட்கட்டும் என்று.

அக்கா மெதுவாகக் கேட்டாள். "கண்காட்சி முடிஞ்ச அப்புறம்தானேங்க என் பேரைக் குடுத்தீங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சின்ன கோடும்மா அது" என்றார்.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "நீ உப்புப் போட்டுத்தானே சாப்பிடுறே? அந்த ஆள் வண்டியில ஏறப் பயந்துக்கிட்டு உன்னை ஏத்தி விட்டிருக்கார். கிளப்புல மானம் போயிடக் கூடாதுன்னு உன் உசிரைக் குடுத்திருக்கார்."

"அவருக்கு இதெல்லாம் என்னடி தெரியும்? நெஜமாவே சின்ன கோடுன்னு நெனச்சிருப்பார். தெரிஞ்சிருந்தா பண்ணியிருப்பாரா?"

அதுதான் கேள்வி. அவர் முட்டாளா, கோழையா? அக்கா அவரை முட்டாள் என்று நம்ப முடிவு செய்துவிட்டாள். கட்டியவன் முட்டாளாக இருந்தால் அவனோடு வாழ்ந்துவிடலாம் போலிருக்கிறது. அந்த நிமிஷம் அவரைவிட அவள்மேல்தான் எனக்கு அதிக வெறுப்பு வந்தது, மறைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் வேலையில் நான் வஞ்சகம் வைப்பதில்லை. பாக்ஸைக் கழற்றினேன். பட்டியை முழுக்கச் சுரண்டி எடுத்து, விரிசல் மேலும் ஓடாமல் இருக்க அதன் இரண்டு நுனியிலும் துளை போட்டேன். கிரைண்டரால் பள்ளம் எடுத்து ஆழமாக வெல்டிங் வைத்து, அதன் மேல் கனமான இரும்புத் தகடு ஒன்றையும் வைத்துச் சுற்றிலும் பற்ற வைத்தேன். போல்ட் இறுகும்போது சட்டம் நசுங்காமல் இருக்க உள்ளே குழாய் கொடுத்தேன். சோபா வியாபாரி இறுக்கிய திருகைத் தளர்த்தி, சக்கரங்கள் நேராக இருக்கும்போது எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் வைத்தேன். இடது டை ராடு முனையை மாற்றினேன். எல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட் மிஷினில் ஏற்றினேன். வெல்டிங் மேல் பெயின்ட் அடிக்கவில்லை. யார் கண்ணாடி விட்டுப் பார்த்தாலும் அது தெரியட்டும்.

மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள். அதற்கு முன்பே நான் ஓட்டிப் பார்த்திருந்தேன். மேட்டிலும் பள்ளத்திலும் விட்டு, வேகமாகப் போய் பிரேக் அடித்து, முழுசாகத் திருப்பிக் கையை விட்டுப் பார்த்தேன். ஸ்டீரிங் தானாகத் திரும்பி வந்து நேராக நின்றது. அக்கா தனியாக ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். தலைமுடியெல்லாம் கலைந்து முகம் சிவந்திருந்தது.

"நெனச்ச இடத்துக்குப் போகுதுடி!" என்றாள். பிறகு பக்கத்து இருக்கையைத் தட்டினாள். "என்னங்க, ஏறுங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

"நான் எதுக்கு? நீ பழகு" என்றார் அத்தான்.

"சும்மா ஏறுங்க."

"முதுகு பிடிச்சிருக்கு."

"மெதுவாத்தான் ஓட்டுவேன்."

அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். என்னைப் பார்த்தார், வண்டியின் அடிப்பக்கம் பார்த்தார். "ஒட்டு போட்டதுதானே. தாங்குதா இல்லையான்னு கொஞ்ச நாள் ஓடிப் பாத்துடட்டும். அப்புறம் நான் ஏறுறேன்."

"யாரு ஓட்டிப் பாக்கணும்?" என்று கேட்டாள் அக்கா.

"நீதான் ஞாயித்துக்கிழமை மலைக்குப் போறியே."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். எத்தனையோ வருஷமாக அவரைக் கேட்க வேண்டும் என்று நான் சேர்த்து வைத்திருந்த நறுக்கான கேள்விகளில் ஒன்றுகூட எனக்கு அப்போது வரவில்லை. அழுகைதான் வந்தது.

அக்கா இன்ஜினை நிறுத்தினாள். கதவைத் திறந்து இறங்கி, அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"பட்டி வச்சிருந்தப்போ என்னை ஏத்தி விட்டீங்க. வெல்டிங் வச்ச அப்புறமும் நீங்க ஏற மாட்டேங்கறீங்க. அப்போ அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"அப்படி இல்லம்மா. உனக்கு ஓட்ட ஆசையா இருக்கும்னுதான்..."

"ஆசையாத்தான் இருந்துச்சு" என்றாள் அக்கா. சாவியை அவர் சட்டைப் பையில் போட்டாள். என் பக்கம் திரும்பினாள். "உன் வேனை எடுடி. வீட்டுக்குப் போயி என் துணிமணியெல்லாம் எடுக்கணும். உன் வீட்டு மாடி ரூம்ல கெடக்கிற பழைய டயரையெல்லாம் எறக்கிப் போட்டுடு."

வேன் நகர்ந்து கேட்டை நெருங்கும்போது அவர் பின்னாலேயே ஓடி வந்தார். வந்துவிட்டார், மன்னிப்புக் கேட்கப்போகிறார், இவள் இறங்கிவிடப் போகிறாள் என்று பயந்துகொண்டே பிரேக்கில் கால் வைத்தேன். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, அவர் அக்காவிடம் கேட்டார்.

"அப்போ காரை யாரு வீட்டுக்கு ஓட்டிக்கிட்டு வர்றது?"

அக்கா கண்ணாடியை ஏற்றினாள். நான் அடுத்த கியர் போட்டேன்.