பெர்மிட் வராத பிஸ்டல்

துபாயின் அல் கூஸ் பகுதியில் வேட்டைத் துப்பாக்கிகளும் கைத்துப்பாக்கிகளும் விற்கும் கடை ஒன்றில் பாஹிமா வேலை பார்த்தாள். சொந்த ஊர் கீழக்கரை. கணவர் இறந்த பிறகு மகளோடு துபாயில் தங்கியிருப்பதே இந்த வேலை தந்த விசாவால்தான். துப்பாக்கி லாக்கரின் சாவி அவள் பொறுப்பில் இருந்தது. வாங்குபவரின் போலீஸ் பெர்மிட்டைச் சரிபார்க்காமல் எதையும் வெளியே எடுக்கக் கூடாது.

ஒரு வியாழக்கிழமை மாலை முதலாளியின் சித்தப்பா மகன் சயீத் வந்தார். அவருடைய பண்ணையில் முந்தின வாரம் திருடர்கள் புகுந்து காவலாளியின் கையை உடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மனிதர் சரியாகத் தூங்கி நாளாகிறது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"பெர்மிட்டுக்கு அப்ளை பண்ணியாச்சு. எப்படியும் வந்துடும். பிஸ்டலை இப்பவே கொடு" என்றார், கடைகளில் எல்லோரும் பேசும் அந்த அரைகுறை இந்தியில்.

"வந்ததும் வாங்க சார். உங்களுக்குன்னு எடுத்து வைக்கிறேன்."

மேனேஜர் உஸைர் அவளைப் பின்பக்கம் அழைத்துப் போனார். அவரும் கீழக்கரைக்காரர்தான்; ஊர் வழக்கப்படி அண்ணன் முறையில் அவரைக் 'காக்கா' என்றுதான் அழைப்பாள்.

"என்ன புள்ள, வெளையாடுறியா? முதலாளி வீட்டு ஆளு. விசாவைக் கேன்சல் பண்ணிட்டா பிள்ளையைக் கூட்டிக்கிட்டு எங்க போவே?"

"தெரியல காக்கா. ஆனா கொடுக்க மாட்டேன். அவரு பயத்துலயும் கோவத்துலயும் நிக்கிறாரு. கொடுக்கலாமா வேண்டாமான்னு போலீஸ் சொல்லட்டும்."

அதற்குள் சயீத் முதலாளிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவள் முன்னால் நீட்டினார்.

"கொடுத்துடு பாஹிமா. நான் பொறுப்பு."

முதலாளியிடம் அவள் அதுவரை எதிர்த்துப் பேசியதே இல்லை.

"கடை லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு சார். நீங்களே வந்து உங்க கையால எடுத்துக் கொடுங்க. நான் சாவியைத் தந்துடறேன். என் கையால மட்டும் எடுக்க மாட்டேன்."

உஸைர் கண்ணாடி மேசையை விரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"கலாஸ், விடு" என்றார் முதலாளி கடைசியில். "பெர்மிட் வரட்டும்."

சயீத் போனை அணைத்துவிட்டு வெளியேறினார். பாஹிமா உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

அதன்பின் உஸைர் வேலைக்குத் தேவையானதைத் தவிர அவளிடம் பேசவில்லை. முதலாளி கடைக்கு வந்த நாட்களில் அவள் சலாமுக்குத் தலையை மட்டும் அசைத்தார். எந்த நாளிலும் கணக்கை முடித்துத் தன்னை ஊருக்கு அனுப்பலாம் என்று நினைத்து, மகளின் பள்ளியில் டிசி வாங்க என்னென்ன வேண்டும் என்று கூட விசாரித்து வைத்தாள். ஆனாலும் காலையில் கடை திறக்கும்போது, அன்று செய்ததை மாற்றிச் செய்திருக்கலாம் என்று அவளுக்கு ஒருமுறையும் தோன்றவில்லை.

அடுத்த மாதம் சயீத் பெர்மிட்டோடு வந்தார். உஸைர்தான் வாங்கிப் பார்த்தார். வேட்டைத் துப்பாக்கிக்கு மட்டும் அனுமதி தந்திருந்தார்கள், கைத்துப்பாக்கிக்கு இல்லை.

"எல்லாம் துப்பாக்கிதானே? பிஸ்டலையே கொடு" என்றார் சயீத்.

பாஹிமா வாய் திறப்பதற்குள் உஸைர் முந்திக்கொண்டார்.

"மாஃபி, இல்லை சார். பிஸ்டல் தர முடியாது. இதுல உள்ளதைத்தான் தருவோம்."

குரல் பணிவாகத்தான் இருந்தது. ஆனால் சயீத் முறைத்தபோதும் உஸைர் பார்வையைத் தாழ்த்தவில்லை. சயீத் கடைசியில் வேட்டைத் துப்பாக்கியையே கேட்டார். பாஹிமா துப்பாக்கி எண்ணைச் சரிபார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

அவர் கார் கிளம்பியதும் உஸைர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"முதலாளி இப்ப போன் போடுவாரு புள்ள. என்ன சொல்லப் போறாரோ."

"போடட்டும் காக்கா" என்றாள் பாஹிமா. "இந்தத் தடவை ரெண்டு பேருமா பதில் சொல்லுவோம்."