ஒரு நெருப்புப்பெட்டிக் கனம்

ஸாலிஹாவின் கமராவுக்குக் கண் பழுதாகி இரண்டு வருடம் ஆகப்போகிறது. எழுபத்தெட்டுச் சூறாவளியில் கல்முனைக்குடி வீட்டின் கூரை பறந்தபோது, அலுமாரிக்குள் இருந்த அந்த ரஷ்யக் கமரா மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது. அதன் உடம்பு இரும்பு உடம்பு. துடைத்து, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் ஒன்றும் நடக்காதது போல 'டக்' என்று வேலை செய்தது. ஆனால் லென்ஸின் கண்ணாடிகளுக்கு நடுவே பூஞ்சணம் பிடித்து, நாளாக நாளாக வெள்ளை படர்ந்து, போன நோன்போடு அது ஒரேயடியாகக் குருடாகிவிட்டது.

கல்முனையில் ஸ்டூடியோவுக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றிலும் ஆண்கள் என்பதுதான் சங்கடம். அந்நிய ஆண் முன்னால் முகத்தை நிமிர்த்தி உட்கார மாட்டோம் என்ற பெண்களுக்கு வீடு தேடிப் போய்ப் படம் பிடிக்க, மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை ஸாலிஹா ஒருத்திதான். கொழும்பிலிருந்த சொந்தக்காரர்கள் லென்ஸ் விலை விசாரித்து எழுதினார்கள். ஒரு கறவை எருமையே வாங்கிவிடலாம் போலிருந்தது. கடிதத்தை மடித்துக் கமராவுக்குக் கீழேயே வைத்துவிட்டாள்.

தேடும் பொறுப்பை அவள் கணவன் அப்துல் கபூர் எடுத்துக்கொண்டான். அவன் கல்முனை–பொத்துவில் பஸ் சாரதி. அறுகம்குடாவில் அலையேற வருகிற வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது கையிலிருப்பதைக் கழித்துவிட்டுப் போவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கபூருக்கு ஆங்கிலம் அரைகுறை. மீதியைக் கைகள் பேசின. ஒரு கண்ணை மூடி, விரலை வளைத்துச் சுழற்றிக் காட்டுவான். அப்படிக் காட்டிக் காட்டி அவன் கொண்டுவந்து சேர்த்த சாமான்கள் கொஞ்சநஞ்சமல்ல: டோர்ச் லைட்டின் முகப்பு, உடைந்த பைனாகுலரில் பாதி, யாருடையதோ மூக்குக்கண்ணாடி. ஸாலிஹா சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் எல்லாவற்றையும் ஒரு டின்னில் போட்டு வைத்தாள்.

ஆனி மாதத்தில் ஒரு மாலை அவன் இடுப்பில் சாரன் இல்லாமல், காற்சட்டையோடு வந்தான்.

"இஞ்ச பாரு. கட்டியிருந்த மருதமுனைச் சாரனையும் ஒரு பை முந்திரிக்கொட்டையையும் குடுத்துட்டு வாங்கின. இது ரஷ்யாச் சாமான்தானே?"

உள்ளங்கையில் கிடந்தது தட்டையான சின்ன லென்ஸ். கண்ணாடி அடிமணல் தெரிகிற தண்ணீர் போலச் சுத்தமாக இருந்தது. ஸாலிஹா மூச்சை அடக்கிக்கொண்டு அதைக் கமராவில் வைத்துத் திருகினாள். புரியோடு புரி பிடித்து, சுற்றிச் சுற்றிப் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தியேவிட்டாள்.

அடுத்த நாளே ஆயிஷா உம்மாவின் வீட்டுக்குப் போனாள். ஆயிஷா உம்மா சவளக்கடையில் வயல் வைத்திருக்கும் விதவை, வாய்க்காரி, வயல்களுக்குத் தண்ணீர் முறை வைக்கும் வட்டைவிதானையையே வாயடைக்க வைத்தவள். பன்னிரண்டு போகம் மிச்சம் பிடித்து அந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போக நின்றாள். பாஸ்போட்டுக்குப் படம் வேண்டும். விண்ணப்பப் பாரங்கள் சனிக்கிழமை கொழும்புக்குப் போகின்றன. அதைத் தவறவிட்டால் அந்த வருடம் இல்லை.

இந்த மாதிரிக் கமராவில் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் விழுகிற லென்ஸ் வேறு. லென்ஸ் என்ன பார்த்தது என்பது பிலிமைக் கழுவும்வரை யாருக்கும் தெரியாது. தூரத்தைக் கணிக்கும் உள்பொறி வெள்ளத்தோடு இறுகிப்போனதால், ஸாலிஹா தையல் டேப்பைப் பிடித்து மூக்குவரை அளந்து, அந்த எண்ணை லென்ஸில் வைப்பாள். அன்றும் அப்படித்தான் அளந்தாள். நான்கு படம் எடுத்தாள்.

நான்கிலும் ஆயிஷா உம்மா இல்லை. முக்காட்டின் வெள்ளைக்குள் ஒரு கஞ்சிக் கலங்கல், அவ்வளவுதான். மறைக்க மனமில்லாமல் ஸாலிஹா அதைக் கொண்டுபோய்க் காட்டினாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். ஆயிஷா உம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த வாய்க்காரி முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

"என்ட முகத்த அழிச்சிரிக்கி, பாத்தியாகா. ஹஜ்ஜுக்குப் போறவங்களுக்கு அல்லாஹ்ட அழைப்பு வரணும். எனக்கு வரல்ல. பாரத்த நான் குடுக்கல்ல. நீ போ மகள்."

"உம்மா, இது கமராட குத்தம்..."

"நாலு தரமுமா?"

ஸாலிஹா வீட்டுக்கு வந்து அடுப்பைக்கூட மூட்டவில்லை. பன்னிரண்டு போகத்துக் காத்திருப்பு தன் கையால் போய்விட்டதே என்று நெஞ்சு எரிந்தது. கமராவின் பின்மூடியைக் கழற்றினாள். பிலிம் ஓடும் இடத்தில் எண்ணெய்த்தாளை இழுத்து ஒட்டினாள். லென்ஸை முற்றத்துப் பக்கம் நீட்டி, ஷட்டரைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு, தலையோடு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டாள். தாளில் பச்சையும் நீலமும் ஊறிக் கிடந்தன. லென்ஸை எந்த எண்ணுக்குத் திருப்பினாலும் அதே கலங்கல். ஆத்திரம் தாங்காமல் அதைக் கழற்றி எறியத் திருகினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் கலங்கல் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்குவது கண்ணில் பட்டது. கடைசிப் புரியும் விட்டுப்போக, லென்ஸ் கையோடு வந்தது. வெளிச்சம் புகாமல் விரல்களால் சுற்றிப் பொத்தி, மெல்ல, மெல்ல முன்னே நகர்த்தினாள்.

சட்டென்று உலகம் வந்து நின்றது.

தென்னைமரம் தலைகீழாக. ஒவ்வொரு ஓலையின் ஒவ்வொரு ஈர்க்கும் தனித்தனியாக. கொடியில் தொங்கிய கபூரின் சட்டையில் ஆறு பொத்தான், அதில் ஒன்று வேறு நிறம். மதில்மேல் ஒரு காகம் கால்களை வானத்தில் ஊன்றி நடந்தது. நெருப்புப்பெட்டியைவிடச் சின்னதான அந்தத் தாளில், இத்தனையும், வர்ணத்தோடு, அசைந்துகொண்டு! பத்து வருடமாகப் படம் பிடிக்கிறாள். கமரா உள்ளே இப்படி ஒரு முற்றத்தை விரித்து வைத்திருக்கிறது என்று ஒருநாளும் கண்டதில்லை.

"இஞ்சாருங்க! கெதியா வாங்க!"

கபூர் துணிக்குள் தலையை விட்டான். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. "ஸுப்ஹானல்லாஹ்" என்று மட்டும் உள்ளிருந்து கேட்டது. பிறகு, "என்ட சட்டைக்கு எப்ப வெள்ளப் பொத்தான் தச்ச?" என்றான்.

விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது. இது வேறு வகைக் கமராவுக்குச் செய்த லென்ஸ். புரி ஒன்றேதான், ஆனால் அந்தக் கமராவின் உடம்பு தடிப்பு. அங்கே பிலிமிலிருந்து தள்ளி நிற்க வேண்டியதை, இவள் கிட்டக் கொண்டுபோய் முட்டவைத்திருக்கிறாள். எவ்வளவு தள்ளி? இடைவெளியில் நெருப்புப்பெட்டியைப் படுக்கையாக வைத்துப் பார்த்தாள். ஒரு நெருப்புப்பெட்டிக் கனம். அதற்குமேல் ஒரு மயிரளவு.

தோணி எஞ்சின்களுக்கு உதிரி கடைந்து கொடுக்கும் கோணாமலையின் லேத் கடைக்குக் கபூர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனான். ஸாலிஹாவும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூடவே போனாள். கோணாமலை நெருப்புப்பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"தங்கச்சி, நான் மோட்டருக்குச் சாமான் கடையிற ஆள். இது காதுத் தோட்டுக்குச் செய்யிற வேலை."

"ஒருக்கா இதுக்குள்ள பாருங்க அண்ணன். மறுகா சொல்லுங்க."

துணிக்குள் குனிந்தவர், வீதியும் சைக்கிள்களும் தலைகீழாக ஓடுவதைக் கண்டார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. முறிந்த சுழல்தண்டிலிருந்து ஒரு பித்தளைத் துண்டை எடுத்து லேத்தில் பூட்டினார். ஒரு பக்கம் உட்புரி, மறுபக்கம் வெளிப்புரி. கடைவார், பூட்டுவார், ஸாலிஹா தாளில் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்பாள். கழற்றி மறுபடி சீவுவார். மத்தியானம் ளுஹர் பாங்கு சொல்லும்வரை அந்த ஒரு வளையம். கடைசித் தடவை தூரத்துக் கோயில் கோபுரத்துச் சிலைகளின் விரல்வரை தாளில் வந்து நின்றது. கடை ஆட்கள் ஒருவர்பின் ஒருவராகத் துணிக்குள் புகுந்து பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஸாலிஹா ஆயிஷா உம்மாவின் வாசலில் போய் நின்றாள்.

"அழைப்பு வந்துதான் இரிக்கி உம்மா. லென்ஸ்தான் நிக்கிற இடம் தெரியாம நிண்டிரிக்கி. இன்னொரு தரம் இரிங்க."

"இந்த முறையும் அழிஞ்சா?"

"அழிஞ்சா நான் கமராவத் தொடவே மாட்டன்."

ஆயிஷா உம்மா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு முகம் கைகால் கழுவி வுளூச் செய்துகொண்டு வந்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். ஸாலிஹா வாசலுக்கு முதுகு காட்டி நின்று, மூக்குவரை டேப்பைப் பிடித்தாள். பிஸ்மி சொல்லி அழுத்தினாள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, ஜன்னலைச் சாக்கால் அடைத்த சாமான் அறையில், சிவப்பு வெளிச்சத்தில், தட்டிலிருந்த வெள்ளைத்தாளில் முதலில் இரண்டு கண்கள் வந்தன. பிறகு புருவம். பிறகு முக்காட்டின் நூலிழைகள். பிறகு வெயிலில் வரம்பில் நின்று நின்று விழுந்த ஒவ்வொரு சுருக்கமும். ஸாலிஹா தட்டை அசைப்பதை மறந்துவிட்டாள்.

பாஸ்போட் படங்களோடு பெரிதாக ஒன்றும் அடித்து, ஈரம் காய்ந்தும் காயாததுமாக, பொழுது சாய்ந்து மஃரிப் ஆகுமுன் கொண்டு ஓடினாள். ஆயிஷா உம்மா குர்ஆன் ஓத வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தாள்.

"யா அல்லாஹ்! எத்தின சுருக்கம்! ஒண்டையும் விடல்லியே..." கண்ணாடி மெல்ல மேலே போனது. ஓரிடத்தில் நின்றது. "ஸாலிஹா, இஞ்ச வாகா. என்ட கண்ணுக்குள்ள ஆரோ நிக்கிறா."

ஸாலிஹா குனிந்தாள். கருவிழிக்குள் வாசல் வெளிச்சம் சின்னதாக விழுந்திருந்தது. அதன் நடுவே, முக்காடு போட்டு, முழங்கைகளை விரித்து, கமராவைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பெண். கடுகளவு. அது அவளேதான். பத்து வருடமாக ஊர்ப் பெண்களையெல்லாம் பிடித்தவளை யாரும் பிடித்ததில்லை. அவளிடம் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. அவள் வீட்டில் ஹஜ் என்பது துஆவில்கூடக் கேட்கத் துணியாத பெரிய சொல்.

ஆயிஷா உம்மா படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எனக்கு அழைப்பு வரல்லெண்டு அழுதேனே மகள். ரெண்டு பேருக்கெல்லோ வந்திரிக்கி. இந்தக் கண்ணாலதான் நான் கஃபாவப் பாக்கப் போறன். அதுக்குள்ள நிண்டு நீயும் பாருகா."

ஸாலிஹா அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.