ஒரு பெட்டி, இரண்டு பிளக்

கீக்... கீக்... என்று பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி கத்திக்கொண்டிருந்தது. அதில் உட்கார்ந்திருந்த ஜம்புநாதன் சார் என் சான்றிதழ் நகல்களை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறக்காமலே இருந்தார்.

மணி இரண்டு. ஐந்துக்குள் விண்ணப்பம் கவுண்டரில் சேர வேண்டும். ஆய்வக உதவியாளர் வேலை. இன்று கடைசி நாள். நான்கு நகல்களிலும் ஒரு கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினால்தான் நான் பி.எஸ்சி. படித்தது உண்மையாகும். மூன்று வருடம் நான் பஸ்ஸில் தொங்கியது சாட்சி ஆகாது. டெல்லி ஆர்.கே.புரத்தில் என் அம்மா பாத்திரம் தேய்க்கும் வீடுகளில் அப்படிப்பட்ட ஆபீசர் இவர் ஒருவர்தான். இடுப்பு எலும்பு முறிந்து மெடிக்கல் லீவில் இருக்கிறார்.

"நீ ஃபிஸிக்ஸ்தானே படிச்சே? முதல்ல இதை நிறுத்து. அப்புறம் கையெழுத்து."

"நான் மெக்கானிக் இல்லை சார்."

"பின்ன எதுக்கு டிகிரி?"

ஒரு ஃபைலை நீட்டினார். மேலே 'நாற்காலி ஒலி எழுப்புதல் தொடர்பாக' என்று இருந்தது. பதினோரு நாள் குறிப்புகள். பிரேக் காரணமா? ஆராயப்பட்டது, இல்லை. குளிரா? வெயிலில் வைத்துப் பார்க்கப்பட்டது, இல்லை. பல்லியா? நிலுவையில் உள்ளது. எலக்ட்ரீஷியன் வந்து, "விலாயதி மால் ஹை சாப்", சீமைச் சரக்கு என்று கும்பிட்டு, டீ குடித்துவிட்டுப் போனதும் பதிவாகியிருந்தது.

நாற்காலியோடு வந்த புத்தகத்தில் இந்தச் சத்தத்தைப் பற்றி இருந்தது ஒரே வரி. விட்டு விட்டு ஒலித்தால் சார்ஜ் குறைவு.

"சார்ஜ் இல்லை சார்."

"அபத்தம்! ராத்திரி பூரா சார்ஜ்லதான் இருக்கு. ராஜம் தன் கையால சொருகறா."

நான் வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். சோபாவுக்குப் பின்னால் அது அநாதையாகக் கிடந்தது. பிளக்கில் இரண்டு தட்டைக் கம்பிகள். நம் ஊர்ச் சுவரில் நுழையவே நுழையாது. அமெரிக்காவிலிருந்து வந்த சாமான். நடுவில் வோல்டேஜைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி இருந்தாக வேண்டும். பெட்டி இல்லை. தரையில் சதுரமாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

அதே நேரம் சமையலறையில் மிக்ஸி அலறியது.

போய்ப் பார்த்தேன். சாரின் மனைவி ராஜலக்ஷ்மி மாமி துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சிகாகோத் தம்பி அத்திம்பேருக்கு நாற்காலி, அக்காவுக்கு மிக்ஸி என்று இரண்டு அனுப்பியிருக்கிறான். பெட்டி ஒன்றுதான். அது மிக்ஸிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிடாதேடி ராஜாத்தி. நாற்காலி ஓடினா நேரா இந்த வாசப்படிக்கு வந்து நிப்பார். கொத்தமல்லி எத்தனை கட்டு, துவையலுக்கு மிளகாய் ஏன் ஆறுன்னு கேள்வி. ஆபீஸ்ல நாப்பது பேரை மேய்ச்சவர், இப்ப நான் ஒருத்திதானே? இந்தப் பதினோரு நாளா நாற்காலிதான் கத்தறது, அவர் இல்லை."

"பாவம்தான் மாமி. ஆனா எனக்கு அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து வேணும். உங்க ரெண்டு பேர் வம்புல நான் எதுக்கு வேலைய விடணும்?"

பெட்டியைத் தூக்கிவந்து சமையலறை வாசலில் தொப்பென்று வைத்துச் சார்ஜரைச் சொருகினேன். கீக் நின்றது.

"இது ஏன் உள்ள போச்சு?" என்றார் சார்.

"அம்மிக்கல் கனம் கனக்குது. தினம் ரெண்டு தடவை தூக்கி வைக்கறது யாரு? நீங்களா?" என்றேன்.

சார் பேனாவை எடுத்தார். விட்டால் இன்னொரு ஃபைல் திறப்பார் என்று தோன்றியது. "பெட்டி இங்கயே இருக்கட்டும் சார். காலைல பத்து வரைக்கும் மிக்ஸி, அப்புறம் நாற்காலி. ஒரு ஆர்டர் போட்டுடுங்க."

ஆர்டர் என்றதும் மனுஷனுக்குப் பத்து வயது குறைந்தது. கார்பன் வைத்து இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தார்.

"நாற்காலி இந்த வாசல்லேர்ந்து மூணடி தள்ளி நிக்கணும்னும் எழுதுங்கோ" என்றாள் மாமி.

"எதுக்கு?"

மாமி என்னைப் பார்த்தாள்.

"தரையில வயர் கிடக்கும் சார். சக்கரம் ஏறினா அறுந்துடும்." மூன்று வருடம் படித்த ஃபிஸிக்ஸ் அன்று உதவியது அவ்வளவுதான்.

எழுதினார். மாமிக்கான நகலில் 'உண்மை நகல்' என்று பச்சை மையில் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். கை சூடாயிருந்த வேகத்தில் என்னுடைய நான்கையும் குத்தித் தள்ளினார். மேலே இருந்த ஒன்றை மாமியிடம் கொடுத்தார், மிச்சத்தை என்னிடம். நான் ஓடினேன்.

நாலே முக்காலுக்குக் கவுண்டர். குமாஸ்தா காகிதங்களின் அடிப்பக்கத்தை மட்டும் புரட்டினார். பச்சை மை, முத்திரை, எண்ணிக்கை நான்கு. "டீக் ஹை" என்றார், சரியாம். ரசீது கிடைத்தது.

மறுநாள் சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்து சொன்னாள். "மாமி அந்த ஆர்டர ஆணி அடிச்சு மிக்ஸிக்கு மேல மாட்டிருக்காங்கடி. அய்யா கிட்ட வந்தா அதைக் காட்டுறாங்க, அவரும் திரும்பிப் போயிடுறாரு. ஆமா, அதுல ஓரத்துல கறுப்பா மசி அப்பியிருக்கே, உன் மார்க்கு பேப்பர் நகல்ல இருந்த மாதிரியே?"

ஆணியில் தொங்குவது என் மார்க் ஷீட். மாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. சார் மூன்றடிக்கு அப்பால் நிற்பதால் அவருக்கு எழுத்து தெரியாது. அப்படியென்றால் என் விண்ணப்பத்தோடு போனது மிக்ஸி ஆர்டரா?

இருபது நாள் கழித்து இன்டர்வியூ கடிதம் வந்தது. இணைப்புகள் யாவும் சரிபார்க்கப்பட்டு முறையாக இருப்பதாக எழுதியிருந்தார்கள்.