ஆறு வாரம் ஓய்வு

"ஒரு கால்ல நின்னு பின்னால வளை," என்றாள் உமாமகேஸ்வரி.

ரித்திக் இடது காலில் நின்று வளைந்தான். பாதிகூடப் போகவில்லை, சட்டென்று மேசையில் கை ஊன்றிக்கொண்டான். வலிக்கவில்லை என்றான். ஏர்கான் ஓடிய அறையில் அவன் மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்தது.

வெளியே நீலத் திடலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்கு ஆட்டம். இப்போது ஒன்பதரை.

உமா சிங்கப்பூரில் ஒரு தொழில்முறை ஹாக்கி அணியின் பிசியோ, ஆட்டக்காரர்களின் காயங்களைப் பார்ப்பவள். போன வருடம்வரை அணியில் ஆறு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். விளம்பரதாரர்கள் விலக விலக அவர்களும் ஒவ்வொருவராக விமானம் ஏறிவிட்டார்கள். அந்த இடங்களுக்குப் பள்ளியிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள். இளையரை வளர்க்கும் திட்டம் என்று அதற்குப் பெயர். பதினேழு வயது ரித்திக்தான் அவர்களில் கெட்டிக்காரன். பெனால்டி கார்னரில் பந்தை மட்டையோடு இழுத்து, இடுப்பைச் சுழற்றி வலைக்குள் வீச அவனை விட்டால் ஆள் கிடையாது. பயிற்சியில் தினமும் எண்பது முறை வீசவைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஸ்கேன் வந்தது. கீழ் முதுகெலும்பில் மயிரிழை விரிசல். ஆறு வாரம் மட்டையைத் தொடக்கூடாது என்று மருத்துவர் எழுதியிருந்தார். அதை அன்றைக்கே மேலாளர் ஏரம்பமூர்த்திக்கு உமா அனுப்பிவிட்டாள்.

அவர் இப்போது ஒரு தாளோடு அறைக்குள் வந்தார். தசைப்பிடிப்பு, ஆடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். மிஞ்சியிருந்த ஒரே விளம்பரதாரர் இன்று நேரில் வருகிறார். ஒப்பந்தம் நீடிக்குமா என்பது ஆட்டம் முடிந்ததும் தெரிந்துவிடும்.

"இன்னிக்கு ஒரு மேட்ச்தான் உமா. டீம் போச்சுன்னா இந்தப் பிள்ளைங்க எங்க போய் ஆடுவாங்க? நீங்களும் நானும் எங்க போவோம்?"

"ஸ்கேன நீங்களும் பாத்தீங்க சார். நான் சைன் பண்ண மாட்டேன்."

ஏரம்பமூர்த்தி கோபப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்துப் பிரித்துக் காட்டினார். பயிற்சி ஆட்டக்காரர், சொந்தப் பொறுப்பில் ஆடுகிறார். கீழே ரித்திக்கின் அம்மா சரசுவின் கையெழுத்து, பள்ளிப்பிள்ளை எழுத்தில்.

உமா நடைபாதைக்கு வந்து சரசுவைப் போனில் கூப்பிட்டாள். சரசு தேக்கா சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் இரைச்சல் போனில் கேட்டது. சார் கடைக்கே வந்து கொடுத்தார், வழக்கமாகப் போடும் தாள்தான் என்றார், அவசரத்தில் போட்டுவிட்டேன் என்றாள். உமா ஸ்கேனைப் பற்றிச் சொன்னாள். முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிய யாரையோ சரசு இருக்கச் சொன்னாள்.

"வலிக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேம்மா," என்றாள் சரசு. "மொதலாளிகிட்ட சொல்லிட்டு நான் வரேன். வர்ற வரைக்கும் அவன எறங்க விடாதீங்க."

உமா அதை அப்படியே மேலாளரிடம் சொன்னாள். அம்மா வரட்டும், பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அவர் விருந்தினரை வரவேற்கப் போனார். பயிற்சியாளரிடம் போனாள். அவர் ஆட்டக்காரர் பட்டியலைப் பார்த்தபடியே, ஆள் எடுப்பது தன் கையில் இல்லை என்றார்.

பத்து ஐம்பதுக்கு ரித்திக் ஜெர்சியைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

"டேப் போட்டு விடுங்க அக்கா."

"அம்மா வந்துட்டிருக்காங்க. உக்காரு."

"மலேசியா கிளப்லேர்ந்து ஆளு எடுக்க ரெண்டு பேரு வந்திருக்காங்க. ஆறு வாரம் உக்காந்தா என் எடத்துல வேற ஒருத்தன் நிப்பான். நீங்க போடலன்னா டேப் இல்லாமயே ஆடுவேன் லா."

வாசல் பக்கம் பார்த்தாள். யாரும் வரவில்லை. டேப்பை இழுத்து, அவன் முதுகில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினாள். கோணிப்போன கடைசிப் பட்டையைக் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டியிருந்தது.

மூன்றாவது கால்பகுதி வரை அவன் சமாளித்தான். குனியாமல் பந்தை வாங்கினான், ஓட வேண்டிய இடத்தில் நடந்தான். ஐம்பத்தாறாவது நிமிடம், ஒன்றுக்கு ஒன்று. நடுவர் பெனால்டி கார்னர் காட்டினார். உமா இருக்கையிலிருந்து எழுந்து நின்றாள். ரித்திக் நாலு எட்டு வைத்து ஓடிவந்து, தாழ்ந்து, பந்தை இழுத்து வீசினான். வலையின் மேல்முனை அதிர்ந்தது.

அவன் முழங்காலில் விழுந்தான். சந்தோஷத்தில் விழுகிறான் என்று நினைத்த சக ஆட்டக்காரர்கள் ஓடிவந்து ஒருவர்மேல் ஒருவராக அவன்மேல் சாய்ந்தார்கள். உமா ஓடினாள். தோளைப் பிடித்து, ஜெர்சியைப் பிடித்து ஒவ்வொருவராக இழுத்துத் தள்ளினாள். அடியில் ரித்திக் கண்ணைத் திறந்தபடி கிடந்தான். கால் மரத்துப் போகிறது அக்கா என்றான்.

ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டும்போது சரசு ரப்பர் பூட்ஸோடு எதிரே வந்தாள். கூட்டம் குறையும்வரை முதலாளி விடவில்லை போலிருந்தது, ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. மகனைப் பார்த்தாள். பிறகு உமாவைப் பார்த்தாள்.

"விடாதீங்கன்னு சொன்னேனே," என்றாள். ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டாள்.

எலும்பு முழுதாக உடைந்து நகர்ந்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, கால் விரல்கள் அசைந்தன. இனி ஆட முடியுமா என்பதை ஒரு வருடம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். அணியின் மருத்துவக் காப்புறுதி பயிற்சி ஆட்டக்காரர்களுக்குப் பொருந்தாது என்று அலுவலகத்திலிருந்து சரசுவுக்குக் கடிதம் போனது. அதே வாரம் விளம்பரதாரர் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டார்.

வியாழக்கிழமை, வேலையை விடும் கடிதத்தைக் கொடுக்க உமா போனாள். ஏரம்பமூர்த்தி கூட்டத்தில் இருந்தார். நடைபாதையில் காத்திருந்தபோது சாமான் அறைக் கதவு திறந்திருந்தது. அங்கே அணியின் உடுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் முத்தையா, ஒரு ஜெர்சியை மேசைமேல் விரித்து, முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, முதுகிலிருந்த பெயரை எழுத்து எழுத்தாக உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பையன், பதினைந்து வயதிருக்கும், தன் பெயரின் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

முத்தையா கடைசி எழுத்தையும் உரித்துவிட்டு ஜெர்சியை நீட்டினார். பையன் ஆசையாக மாட்டிக்கொண்டு, சரியாக இருக்கிறதா என்று உமாவிடம் திரும்பிக் காட்டினான். வெயிலில் வெளுத்த நீலத் துணியில், எழுத்துகள் ஒட்டியிருந்த இடம் மட்டும் வெளுக்காமல், ரித்திக் என்றே இருந்தது.