பக்குவம் போதவில்லை

...பக்குவம் போதவில்லை என்று போன வருடமும் எழுதியாகிவிட்டது, அதற்கு முந்தைய வருடமும் அதேதான், மூன்றாவது தடவையும் எழுதினால் மேலே இருப்பவர்கள் என்ன, மாம்பழமா பழுக்க வைக்கிறீர்கள் என்று கேட்க மாட்டார்களா... பன்னிரண்டுக்குள் பயிற்சிக்கான பரிந்துரைப் படிவம் போக வேண்டும், இப்போது பதினொன்று நாற்பது. ரத்தப் பரிசோதனைக்கூட மேலாளருக்கு மேஜைக்கடியில் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண், பத்து வருடமாக அவரிடம் வேலை பார்ப்பவள், மிஷினின் மூடியைத் திறந்து எதையோ துடைக்கிறாள், தினமும் காலையில் மக்கர் பண்ணும் சனியன் அவள் கை பட்டால்தான் எழுந்திருக்கும், இவளைப் பயிற்சிக்கு அனுப்பினால் ஆறு மாதம், முடித்து வந்தால் புதுக் கிளைக்குப் பொறுப்பாளர், அப்புறம் இங்கே யார்... 'அந்தப் பொண்ணு இல்லாட்டி உங்களுக்குச் சோறு இறங்காதோ' என்றாள் மனைவி காலையில், கேலிதான், ஆனாலும் சுருக்கென்றது. தனக்காகவா செய்கிறார்? பரிசோதனைக்கூடத்துக்காக, நோயாளிகளுக்காக... சரி, தனக்காகவும்தான், பொய் எதற்கு. போன வருடம் முடிவு வந்த அன்று அந்தப் பெண் கதவோரம் நின்று கேட்டாள், 'எதுல குறைன்னு சொல்லுங்க சார், கத்துக்கறேன்.' போகப் போகத் தெரியும்மா என்றார், வெட்கங்கெட்டதனம், ஆனால் வேறென்ன சொல்ல...

பதினொன்று ஐம்பத்தைந்து. எழுதியாயிற்று, அதே வரி, விரலுக்குப் பழகிவிட்டது. ஆனால் படிவம் நகரவில்லை, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, இந்தக் கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் என்றைக்குமே ஏழாம் பொருத்தம், பதற்றத்தில் வழக்கம்போலக் குரல் கொடுத்துவிட்டார், 'ஏம்மா, கொஞ்சம் வாயேன், இது போக மாட்டேங்குது.' கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. அதற்குள் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து குனிந்துவிட்டாள், திரையில் அவள் பெயர், கீழே அந்த வரி, அவருக்குக் காது மடல் சுட்டது.

'தேதி போடல சார், அதான்' என்று தேதியைப் போட்டாள். குரலில் கோபமில்லை, ஆச்சரியமும் இல்லை... ஏன் ஆச்சரியமில்லை? வருடா வருடம் இந்தப் பாழாய்ப்போன வட்டம் சுற்றத்தான் செய்தது, வருடா வருடம் அவளைக் கூப்பிட்டுவிட்டு அவர் டீ குடிக்க எழுந்து போனார், தட்டி அனுப்பியது அவள்தான்... அப்படியென்றால் கதவோரம் நின்று கேட்டது, இந்த வரியைப் படித்துவிட்டா கேட்டாள்? 'அனுப்பிடவா சார்?' விரல் பொத்தான் மேல் காத்திருந்தது. பதினொன்று ஐம்பத்தெட்டு. அவர் அந்த வரியை மறுபடி படித்தார், எதில் குறை என்று அதில் எங்கேயும் இல்லை.