புகை போன வழி

குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்த அடுப்போடு தையல்காரிக்கு ஜென்மப் பகை மூண்டுவிட்டது. மலைக்குளிருக்கு மூட்டுகிற அந்த இரும்பு அடுப்பு முன்னறை மூலையில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விறகைப் பற்றவைத்தால் புகை குழாய் வழியாக மேலே போகவேண்டும் அல்லவா? இதுவோ அடுப்பின் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து அப்பியது. தைத்து மாட்டியிருந்த துணியெல்லாம் புகை நாற்றம். சட்டை வாங்க வந்த பெண் ஒருத்தி முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, தீப்பிடிச்ச வீட்டுலேருந்து எடுத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்டேவிட்டாள்.

புருஷன் லாரி ஓட்டுகிறவன். கிளம்பினால் திரும்ப ஒரு மாதம் ஆகும். வீட்டில் அவளும் மாமியாரும்தான்.

"ஈர விறகை வாங்கிட்டு வந்தா அது புகையாம பாட்டா பாடும்?" என்றாள் மாமியார்.

காய்ந்த விறகு வாங்கினாள். அப்போதும் புகைந்தது. குழாய் குளிர்ந்து கிடந்தால் இழுக்காது என்று யாரோ சொல்ல, பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திக் குழாயின் வாயில் பிடித்துப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்தும் பார்த்தாள். இருவருக்கும் பல் கிடுகிடுத்ததுதான் மிச்சம்.

கடைசியில் புகைபோக்கி துடைக்கிறவரைக் கூப்பிட்டாள். தெருவில் அவருக்குக் கரியண்ணன் என்று பெயர். ஒன்றோடொன்று முடுக்கிக்கொள்ளும் கம்புகளும் நுனியில் மாட்ட உருண்டைப் பிரஷ்ஷுமாக வந்தார். ஒரு வாளி கரியும் ஒரு பழைய குருவிக்கூடும் கீழே விழுந்தன. பற்றவைத்தார்கள். கொஞ்ச நேரம் ஒழுங்காக எரிந்தது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று புகை திரும்பி வந்தது.

கரியண்ணன் தலையைச் சொறிந்தார். "குழாய்ல குத்தமில்லம்மா. அது காத்தை மேல இழுக்கத்தான் செய்யுது. ஆனா வீட்டுக்குள்ள வேற ஏதோ அதைவிட பலமா இழுக்குது. சமையல்கட்டுல ஃபேன் ஏதும் ஓடுதா?"

"ஒண்ணும் ஓடலியே அண்ணே."

ஒரு கந்தல் துணியைத் திரித்துக் கொளுத்தி ஊதி அணைத்தார். அதன் புகை கலையவில்லை. கணுக்கால் உயரத்தில் கயிறு மாதிரி நீண்டு, வழி தெரிந்த ஆள் போல நிதானமாக நடைவழியைக் கடந்து, மாமியார் படுக்கிற பின்னறைக்குள் நுழைந்து, மர அலமாரிக்குப் பின்னால் போய் மறைந்தது.

மாமியார் இடுப்பில் கைவைத்தாள். "அலமாரி மூச்சு விடுதுன்னு வந்த அன்னிக்கே சொன்னேன். கேட்டியா?"

"மூச்சு விடல அத்தை," என்றாள் அவள். "இழுக்குது."

மூவரும் சேர்ந்து அலமாரியை நகர்த்தினார்கள். சுவரில் ஒரு தகரத்தை ஆணியடித்திருந்தார்கள். அதைப் பெயர்த்ததும் பின்னால் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு, சுவருக்குள் கட்டிய ஒரு பழைய கணப்பு அடுப்பு. மேலே இருட்டு. ஒரு பொட்டுக் கரி இல்லை, சாம்பல் இல்லை, ஒட்டடை இல்லை. கழுவித் துடைத்த பாத்திரம் போலச் சுத்தமான செங்கல். அவள் புடவையில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி அந்த இருட்டுக்குள் ஏறிப் போயின.

"இதான் திருடன்," என்று கரியண்ணன் சிரித்தார். கம்பை உள்ளே செலுத்தினார். இன்னொன்றை முடுக்கினார். அது மாடிகூட இல்லாத ஓட்டு வீடு. கையிலிருந்த கம்பெல்லாம் தீர்ந்துபோயும் பிரஷ் எதிலும் முட்டவில்லை. அவர் சிரிப்பு நின்றது. "இதைப் பிடிச்சுக்கம்மா. மேல போய்ப் பாத்துட்டு வரேன்."

ஓட்டின் மேல் காலடி கேட்டது. பிறகு குரல். "இங்க ஒண்ணுமே இல்லம்மா! வெறும் ஓடுதான் இருக்கு!"

அந்த நேரம் பார்த்து அவள் கையிலிருந்த கம்பு அசைந்தது. மீன் தூண்டிலைத் தொட்டுப் பார்ப்பது போல லேசாக ஓர் இழுப்பு. இன்னும் ஒன்று. அவள் கையை விட்டுவிட்டாள். கம்பு கீழே விழவில்லை. யாரோ கிணற்றுக் கயிற்றைக் கைமாற்றி இழுப்பது போல, நின்று நின்று மேலே போயிற்று. கடைசிக் கம்பின் அடிமுனையும் இருட்டுக்குள் மறைந்தது.

திரும்பிப் பார்த்தாள். மாமியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளும் பார்த்திருந்தாள்.

கரியண்ணன் இறங்கி வந்து வெறும் தரையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "அடைச்சிடுங்கம்மா," என்றார். புழக்கடையில் கிடந்த செங்கல்லை வாசலில் அடுக்கினார், எங்கிருந்தோ ஒரு மூட்டை சிமெண்ட் கொண்டுவந்து போட்டார். படி தாண்டி உள்ளே மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டார்.

மாமியார் கலவை குழைத்தாள், அவள் கல் வைத்தாள். மாமியார் வாய் ஓயவேயில்லை. கல் கோணல், கலவை தண்ணி, மகன் ஊர் சுற்றி, வீடு பார்த்தவள் குருடி. வழக்கமாக இருந்தால் அவளும் ரெண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். இன்று ஏச்சு நின்ற ஒரு நொடியில்தான் அந்தப் பொந்தின் சத்தம் காதில் விழுந்தது. மெல்லிய, நீளமான உறிஞ்சல். அது கேட்கக்கூடாது என்றுதான் கிழவி பேசிக்கொண்டே இருக்கிறாள் என்று புரிந்தது.

"நல்லா திட்டுங்க அத்தை," என்றாள். "நிறுத்தாதீங்க."

கடைசிக் கல்லை அவள் அழுத்தவே இல்லை. கையிலிருந்து தானாக உருவிக்கொண்டு போய் இடத்தில் உட்கார்ந்தது. இருவருக்கும் காது அடைத்துத் திறந்தது.

அதன்பின் அடுப்பைப் பற்றவைத்தாள். தீ திகுதிகுவென்று எழுந்தது. அறைக்குள் இம்மி புகை இல்லை. அந்தச் சந்தோஷத்தில் வெளியூரில் இருந்த வீட்டுச் சொந்தக்காரருக்கு போன் போட்டாள். தகரத்தைப் பெயர்த்ததற்குத் திட்டுவார் என்று பயந்து, நடந்ததைச் சுருக்கிச் சொன்னாள்.

அவர் திட்டவில்லை. "தகரத்துக்குப் பின்னாடி செங்கல் சுவர் இருந்துச்சா?"

"இல்லீங்களே. வெறும் பொந்துதான்."

"நல்லா பாத்தியாம்மா? மூணு கல் கனத்துக்கு வச்சு அடைச்சேன். என் கையால அடைச்சேன்." அவர் குரல் தேய்ந்தது. "ஒரு துண்டுகூடவா கீழ கிடக்கல?"

"தூசிகூட இல்லீங்க."

"நீ எத்தனை கல் கனம் வச்சே?"

அவள் பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒற்றைக் கல் கனம்தான்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மாமியார் தலையணைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் இருக்கும்போதே கரியண்ணன் வண்டியில் தையல் மெஷினும் துணிகளும் ஏறின. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவு அழகாக அது எரிந்து அவள் பார்த்ததில்லை.

வேறு தெருவில் ஒரு மாடியறை கிடைத்தது. கரண்ட் ஹீட்டர் மட்டும் உள்ள அறை. அதில் கை காய்ந்தால் முதுகு குளிர்கிறது என்று மாமியார் நாளெல்லாம் முணுமுணுத்தாள். மாதக் கடைசியில் வந்த புருஷன் முழுக்கதையையும் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தான். "நல்லா எரியற அடுப்பை விட்டுட்டு ஓடி வந்திருக்கீங்களே ரெண்டு பேரும்! இருங்க, நானே போய் அந்தச் சுவத்தைத் தட்டிப் பாத்துட்டு வரேன்."

அவன் ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தான். இதுநாள்வரை எந்தச் சண்டையிலும் மகனை விட்டுக்கொடுக்காத மாமியார் எழுந்துபோய்க் கதவை மறித்து நின்றாள்.

"அவ சொல்றா இல்ல," என்றாள். "செருப்பைக் கழட்டு."